வழி கேட்காதவள்

‘வழி விடு’ என்று கேட்க ஒருத்திக்கு வாய் வருகிறது, இன்னொருத்திக்கு வருவதில்லை. ஏன்?

அன்னாமேரியின் வாழ்க்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இந்த ஒரு கேள்விதான் தனியாகத் தெரிகிறது. மற்றபடி அதில் விசேஷம் ஒன்றுமில்லை. வில்லியனூருக்கு மேற்கே மூன்று மைலில், மாதா கோயிலைச் சுற்றி நாற்பது வீடுகள் இருந்த ஊரில் பிறந்தாள். அதே ஊரில் வாழ்க்கைப்பட்டாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். முன்கோபம் உண்டு. ஒரு கோழி விஷயத்தில் பக்கத்து வீட்டோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தாள், தப்பு தன் பேரில்தான் என்று தெரிந்த பிறகும். நல்லவள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. நடவில் அவள் கை வேகமானது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நடவில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஆளுக்கு இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாக அகலம். கை வேகமானவள் சீக்கிரம் பின்னால் போய்விடுவாள். மெதுவானவள் முன்னாலேயே நிற்பாள். அவளுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நட்ட நாற்று நீண்டுகொண்டே போகும். அப்போது பக்கத்தில் இருப்பவள் அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கே இரண்டு வரிசை நட்டு அடைத்துவிடுவாள். நட்ட நாற்றை மிதிக்கக் கூடாது. அடைபட்டவள் தன் இடத்தை நட்டு முடித்துவிட்டு, அடைத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வழி கேட்க வேண்டும். கேட்டதும் மொத்தக் கூட்டமும் சிரிக்கும். அடைத்தவள் நாலு குத்து நாற்றைப் பிடுங்கி வழி விடுவாள். உள்ளே இருந்தவள் வெளியே வந்ததும் அதே நாலு குத்தைத் திரும்ப ஊன்றுவாள். கேட்காமல் வழி விடுவதில்லை.

அன்னாமேரி பதிமூன்று வயதில் நடவுக்கு வந்த முதல் நாளே அடைபட்டாள். அடைத்தது பவுனம்மாள். நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவள் அவள்தான்.

“சின்னம்மா, இங்கயே அடுப்பு மூட்டி குடித்தனம் பண்ணிடட்டுமா, இல்ல வழி வுடுறியா?” என்று கேட்டாள் அன்னாமேரி. பவுனம்மாளுக்குச் சிரிப்பில் கையிலிருந்த நாற்று முடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. அன்றிலிருந்து அன்னாமேரி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், நவரைப் பருவ நடவுக்கு ருக்குமணி வந்தாள். அப்போது அவளுக்கும் அன்னாமேரிக்கும் பதினேழு வயது. அதே ஊர் நடேசனின் தங்கை. அப்பா இல்லை, அம்மா கனகாம்பாள் மட்டும். சொந்தத்தில் கொஞ்சமும் கழனிக்காரர் சிவப்பிரகாசத்திடம் குத்தகைக்குக் கொஞ்சமும் பயிர் வைக்கிற குடும்பம். அவர்கள் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை போன ஒரே பெண் அவள். கணக்கில் போனது. அக்டோபரில் மறுபடி எழுதினாள், மறுபடியும் கணக்கில் போனது. “வூட்ல ஒக்காந்து சொவத்தப் பாத்துக்னு இருக்கறதுக்கு நடவுக்குப் போ” என்று சொன்னான் நடேசன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவனுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கியதை அன்னாமேரி ஆசையாகப் பார்த்தாள். பேப்பர் படிக்கத் தெரிந்த பெண் தன் பக்கத்தில் நடுகிறாள். இவளும் நம்மவளாகிவிட வேண்டும். அதற்கு அன்னாமேரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெளியாளை யாரும் அடைப்பதில்லை.

கூழ் குடிக்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் அடைத்தாள்.

ருக்குமணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் பச்சை, இரண்டு பக்கமும் பச்சை. பிறகு நடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அப்படியே நின்றாள்.

மற்றவர்கள் வரப்பில் ஏறித் தூக்குகளைத் திறந்தார்கள். அன்னாமேரியும் ஏறினாள்.

“பள்ளிக்கூடத்துப் பொண்ணு, வெக்கப்படுது. வுட்டுடுடி” என்றாள் பவுனம்மாள்.

“கேக்கட்டும் சின்னம்மா. கேட்டா வுட்டுடப் போறன்.”

“ஒரு குரல் குடு, ருக்கு” என்று கூட்டத்தின் கேலிக்காரி அந்தோணி மேரி வரப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். “அன்னாமேரின்னு சொல்லு, போதும். அவளுக்குப் பட்டம் எல்லாம் வேணாம்.”

சிரித்தார்கள். ருக்குமணி திரும்பவில்லை. கூழ் குடித்து, தூக்கைக் கழுவி, வெற்றிலை போட்டாகிவிட்டது. அவள் முழங்கால் சேற்றில் அதே இடத்தில் நின்றாள். சிரிப்பு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. கழனிக்காரர் சிவப்பிரகாசம் வாய்க்கால் பக்கமிருந்து வந்தார்.

“அது இன்னா, கொல்லப் பொம்ம மாதிரி ஒண்ணு நிக்குது?”

அப்போதுதான் ருக்குமணி நகர்ந்தாள். நட்ட நாற்றின் மேலேயே நேராக நடந்தாள். ஓடவில்லை. வரப்பில் ஏறி, யாரையும் பார்க்காமல், வீட்டுப் பக்கம் போனாள். அவள் கால் வைத்த குழிகளில் தண்ணீர் ஊறி நிரம்புவதை அன்னாமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே இறங்கி அந்த நாற்றையெல்லாம் திரும்ப ஊன்றினாள்.

ருக்குமணி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை, பேச்சும் இல்லை. எட்டாம் நாள் அன்னாமேரி அந்த வீட்டுக்குப் போனாள். தோட்டத்துப் பக்கமாக நுழைந்தவள் கிணற்றருகே நின்றுவிட்டாள். கிணற்று வாய் முழுக்கப் பனம்பலகை பரப்பி, மேலே ஒரு உரலைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

கனகாம்பாள் வெளியே வந்தாள். “நீதான அடைச்சவ?”

“ஆமாம்மா.”

“இன்னாத்துக்கு வந்த?”

“ருக்குவப் பாக்க.”

“பாத்து?”

அன்னாமேரியின் கண் கிணற்றையே பார்ப்பதைக் கனகாம்பாள் கவனித்தாள். குரல் தணிந்தது. “பூச்சி மருந்து டப்பாவக்கூட பக்கத்து வூட்டு மாரிமுத்துகிட்ட குடுத்து வச்சிருக்குது. ராத்திரில நானும் அவ அண்ணனும் மாத்தி மாத்தி முழிச்சிருக்கிறோம். போ, உள்ளதான் இருக்குது.”

ஒரு விளையாட்டுக்கு இத்தனை ஆழம் இருக்கும் என்று அன்னாமேரிக்கு அதுவரை தெரியாது. பயந்தாள். ஆனால் பயத்தைவிட அவளைப் பிடித்து ஆட்டியது அந்தக் கேள்விதான். ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஏன் கொடுக்கவில்லை?

அவள் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். “திமிருடி. படிச்ச திமிரு” என்றாள் பவுனம்மாள். “கூச்சம், அம்மா. கூச்சம் ஒரு பாவமில்லை” என்றார் கோயில் உபதேசியார் சூசைநாதன். கனகாம்பாள் கண்ணேறு என்றாள். நடேசன், “கணக்கு வரலன்ற கோவத்த நாத்து மேல காட்டிடுச்சி” என்றான். ஒவ்வொரு பதிலையும் அன்னாமேரி இரண்டு மூன்று நாள் மனசில் வைத்துப் பார்த்தாள். திமிர் பிடித்தவள் பாயில் விழுந்து கிடப்பாளா? கூச்சக்காரி இத்தனை பேர் முன்னால் நாற்றை மிதித்துக்கொண்டு போவாளா? எதுவும் பொருந்தவில்லை.

ஒரு நாள் சிங்காரவேலு கடைக்கு மிளகாய் வாங்கப் போனவளுக்கு ஒரு யோசனை வந்தது. கேட்காமல் நின்று பார்த்தால் என்ன?

நின்றாள். சிங்காரவேலு நிமிர்ந்து பார்த்து, “இன்னா வேணும்?” என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் எண்ணெய் வாங்க வந்தவர்கள் திரும்பினார்கள். ‘மிளகாய்’ என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் முதலில் சொல்லாமல் விட்டதால் இப்போது சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கும் பதில் வேண்டும். ஒவ்வொரு நொடியும் அந்தச் சொல் கனத்துக்கொண்டே போனது. காது சூடேறியது.

“இன்னா பொண்ணே, உங்க கோயில்லகூட சாமி வருமா?” என்றார் சிங்காரவேலு.

“மொளகா” என்று கத்திவிட்டாள்.

நேராக ருக்குமணி வீட்டுக்குத்தான் போனாள். ஒரு மாதமாக வாரத்துக்கு இரண்டு தரம் போய்க்கொண்டிருந்தாள். புளியில் கொட்டை எடுப்பது, மல்லாட்டைக் கடலை உரிப்பது என்று ஏதாவது வேலையை மடியில் கட்டிக்கொண்டு போய், பாயருகே உட்கார்ந்து தன்பாட்டுக்குப் பேசிவிட்டு வருவாள். ருக்குமணி ஒரு நாளும் முகம் திருப்பியதில்லை. அன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். அன்னாமேரி கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சாமி வந்ததா என்று கேட்டதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

“எவ்ளோ நேரம் நின்ன?”

குரல் சுவரிலிருந்து வந்ததுபோல் இருந்தது. 

“பத்து எண்றதுக்குள்ள கத்திட்டன்” என்றாள் அன்னாமேரி.

“நீங்க வெத்தல போட்டு முடிக்கிற மட்டும் நான் நின்னன்.”

“ஆமா. ஏன் கூப்புடல?”

ருக்குமணி திரும்பிப் படுத்தாள். கன்னத்தில் பாய்க்கோரையின் தடம் விழுந்திருந்தது. மெதுவாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதவர்களைப் பெஞ்சு மேல் நிற்க வைப்பார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று உரக்கச் சொன்னால் உட்காரலாம். மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். வகுப்பு சிரிக்கும், அவ்வளவுதான். அவள் மட்டும் சொல்லமாட்டாள். மணி அடிக்கிற வரைக்கும் நிற்பாள். இரண்டு வருஷம் அப்படி நின்றிருக்கிறாள்.

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க” என்றாள் அன்னாமேரி. “எங்களப் பாத்து சிரிக்கல? இன்னைக்கு உன்ன நான் அடைக்கிறன், நீ கத்துற, நாங்க சிரிக்கிறோம். நாளைக்கு நீ என்ன அடைக்கப் போற, நான் கத்தப் போறன், நீ சிரிக்கப் போற. இதுல இன்னா இருக்குது?”

ருக்குமணி அவளை உற்றுப் பார்த்தாள். “நான் எப்படிடி உன்ன அடைப்பன்? நீ நடுற வேகத்துக்கு?”

 அன்னாமேரி மிளகாய்ப் பொட்டலத்தை மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வழியெல்லாம் அதே நினைப்பு. அவளை யாரும் ஒரு கேள்வியால் வாயடைத்தது அதுதான் முதல் தடவை.

சித்திரையில் ருக்குமணி எழுந்து நடமாடினாள். லூர்து மாதா திருவிழாவுக்குக் கனகாம்பாள் அவளை வில்லியனூருக்கு அழைத்துப் போய் மாதா குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக் கூட்டிவந்தாள். பெரிய சிவன் கோயிலிலும் ஒரு அர்ச்சனை. எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும். கிணற்றின் மேல் பலகை அப்படியேதான் இருந்தது.

வைகாசியில், சொர்ணவாரிப் பருவ நடவுக்கு, அவளே வருகிறேன் என்றாள். பவுனம்மாள் முந்தின நாளே எல்லோரையும் எச்சரித்துவிட்டாள். “எவளாவது அந்தப் பொண்ண அடைச்சீங்க, அடுத்த நாள் நடவுக்கு வர வேணாம். சொல்லிட்டன்.”

வரப்பு ஓரத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே அடைக்க முடியாது, ஒரு கால் தூக்கி வைத்தால் வரப்பு. நாற்று முடியை அவள் கைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் சத்தமில்லாமல் அவள் இடத்திலும் சேர்த்து நட்டுவிடுவாள். அந்தோணி மேரி கேலியை ஆரம்பித்து, ருக்குமணி தலை தெரிந்ததும் பாதியில் விழுங்கிவிடுவாள். நோயாளி படுத்திருக்கிற வீட்டில் நடப்பதுபோல எல்லோரும் நடந்தார்கள். எல்லோருக்கும் நல்ல மனசு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ருக்குமணி கூழ் தூக்கைத் திறக்கவேயில்லை.

அன்று திரும்பும்போது இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள்.

“என்னப் பாத்தா உங்களுக்கெல்லாம் பயமா இருக்குதா?” என்றாள் ருக்குமணி.

“ஏன் கேக்கற?”

“வூட்டுல கெணத்துக்குப் பலக. இங்க எனக்கு வரப்போரம்.” தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “நாளையிலேருந்து நான் வரல, அன்னாமேரி. முடியல. மறுபடி படுத்துக்கலாம்னு இருக்குது.”

அவள் அதைச் சொன்ன தோரணையில் அழுகை இல்லை. வேலை முடிந்து கை கழுவுகிறவள் பேசுவதுபோல் இருந்தது. அன்னாமேரிக்கு உரல் வைத்த கிணறு கண்ணுக்குள் வந்தது. மறுபடி படுத்தால் இந்த முறை எழுந்திருக்கமாட்டாள் என்று பட்டது.

“நாளைக்கு ஒரே ஒரு நாள் வா” என்றாள்.

“வந்து?”

“வா, சொல்றன்.”

அவளுக்கே தெரியாது என்ன சொல்லப்போகிறாள் என்று.

மறுநாள் காலையில் அன்னாமேரி போய் வரப்பு ஓரத்தில் நின்றுகொண்டாள். “தெனமும் ஒருத்திக்கே வரப்போரமா? எனக்கு இடுப்பு வலி. இன்னைக்கு நான்தான் இங்க” என்றாள். பவுனம்மாள் முறைத்தாள். ருக்குமணி ஒன்றும் சொல்லாமல் உள்ளே தள்ளி நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் அந்தோணி மேரி.

இடுப்பு வலிக்காரி அன்றைக்கு நட்டதுபோல் என்றைக்கும் நடவில்லை. வெயில் ஏறுவதற்குள் வரிசையில் எல்லோரையும் விட்டுப் பின்னால் போய்விட்டாள். அந்தோணி மேரியும் போய்விட்டாள். நடுவில் ருக்குமணி முன்னால் தனியாக, குனிந்த தலை நிமிராமல், மெதுவாக நட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் நாற்று நீண்டிருந்தது.

அன்னாமேரி கையில் ஒரு முடியை எடுத்துக்கொண்டு நகர்ந்து, ருக்குமணியின் முதுகுக்குப் பின்னால் வந்தாள். குறுக்கே முதல் குத்தை ஊன்றினாள்.

“ஏய், சின்னம்மா இன்னா சொன்னாங்க?” என்றாள் அந்தோணி மேரி தணிந்த குரலில்.

பவுனம்மாள் பார்த்துவிட்டாள். “அன்னாமேரி, வேணாம். வம்ப வெலைக்கு வாங்காத. எட்டப் போ.”

அன்னாமேரி போகவில்லை. ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையை ஆரம்பித்தாள். அப்போதுதான் மற்றவர்கள் அவள் நிற்கிற பக்கத்தைக் கவனித்தார்கள். அடைக்கிறவள் வெளியே நின்று நடுவாள், அதுதான் வழக்கம். இவள் ருக்குமணியின் பக்கமாக, உள்ளே நின்று, பின் வரப்பைப் பார்த்துக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் குனிந்து, தனக்கு முன்னாலேயே வழியை மூடிக்கொண்டு நட்டவளை அந்தக் கழனிகளில் யாரும் பார்த்ததில்லை. கடைசி இடைவெளி ஒரு அடி இருந்தது. அதில் கால் வைத்து வெளியே போய்விடலாம். முடியில் மிச்சமிருந்த நாற்றை மூன்றாகப் பிரித்து அதையும் அடைத்தாள். பிறகு நிமிர்ந்து, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ருக்குமணி திரும்பினாள். பின்னால் பச்சை. நடுவில் அன்னாமேரி.

“நீ இங்க இன்னாடி பண்ற?”

அன்னாமேரி பேசவில்லை.

கழனி முழுக்க வேலை நின்றுவிட்டது. அடைபட்டவள் அடைத்தவளைக் கூப்பிட வேண்டும். அடைத்தவளே உள்ளே நின்றால் யாரைக் கூப்பிடுவது? அந்த வழக்கத்தில் அதற்கு விதி கிடையாது. பவுனம்மாளுக்கும் தெரியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“கூப்புடு. உனக்குத்தான் கூச்சமே கெடையாதே” என்றாள் ருக்குமணி.

அன்னாமேரி தூரத்தில் பறக்கும் கொக்கைப் பார்த்தாள்.

“வாயில இன்னா, கொழக்கட்டையா வச்சிருக்கற?”

தண்ணீரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரப்பில் கூழ் தூக்குகள் வரிசையாக இருந்தன. யாரும் சாப்பிடப் போகவில்லை. ருக்குமணி அன்னாமேரியின் முகத்தைப் பார்த்தாள், வெளியே நிற்கிறவர்களைப் பார்த்தாள்.  

“சின்னம்மா” என்றாள். குரல் உடைந்து பாதிதான் வந்தது. மறுபடி, இந்த முறை வாய்க்கால் வரை கேட்கிற மாதிரி, “சின்னம்மா, வந்து வழி வுடுங்க. இந்தப் பைத்தியத்தோட என்னால குடித்தனம் பண்ண முடியாது.”

அந்தோணி மேரிதான் முதலில் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ருக்குமணி மூன்று வருஷம் நடவுக்கு வந்தாள். வேகம் வரவேயில்லை. வாரத்துக்கு ஒரு தரமாவது அடைபட்டாள், அலுத்துக்கொண்டே வழி கேட்டாள். கணக்குப் பரீட்சையை அவள் திரும்ப எழுதவில்லை. நல்ல நாள் மட்டுமே இருந்ததென்று சொல்ல முடியாது, நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்தும் இருக்கிறாள். ஆனால் அப்போது தானே ஆள் அனுப்பி அன்னாமேரியை வரச் சொன்னாள். கிணற்றுப் பலகையை நடேசன் மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டான். பிறகு ஊரில் பால்வாடி வந்தபோது ருக்குமணி அங்கே டீச்சரானாள். பவுனம்மாளுக்கு வயதானதும் நடவுக்கு ஆள் கூட்டிப்போகிற வேலை அன்னாமேரிக்கு வந்தது. அவள் அடைக்கிற வழக்கத்தை நிறுத்திவிடுவாள் என்று பலர் நினைத்தார்கள். நிறுத்தவில்லை.

அன்றைக்கு ஏன் உள்ளே நின்று அடைத்தாய் என்று பவுனம்மாள் பலமுறை கேட்டிருக்கிறாள். “சேத்துல தெச மாறிப்போச்சி” என்பாள் அன்னாமேரி. கண்ணை மூடிக்கொண்டு கழனியின் நாலு மூலையையும் சொல்லக்கூடியவள் அவள்.

எண்பத்து நாலில் ஒரு நாள், வில்லியனூர்ச் சந்தை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, ருக்குமணி கேட்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

“நான் கூப்பிடாமலே இருந்திருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?”

அன்னாமேரி கூடையைத் தலைக்கு ஏற்றிச் சரிபார்த்தாள். “பஸ்ஸு வருது பாரு” என்றாள்.

வந்துகொண்டுதான் இருந்தது. படிக்கட்டில் ஒரே கூட்டம். “வழி வுடுங்கய்யா, வழி வுடுங்க” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு அன்னாமேரி முன்னால் ஏறினாள்.